காட்டுப்பள்ளிக் கரையில் ஒரு முஸாஃபிர்

 

காட்டுப்பள்ளி என்னும் பெயரைக் கேட்டவுடன் தங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? அடர்ந்த மரங்களுக்கு நடுவே வெள்ளையடித்த ஒரு சிறு பள்ளிவாசல், அதன் ஹவ்ளின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். எனக்குத் தோன்றியவை இவைதாம். நம்மவர்க்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல்தானே! ஆனால் நான் எண்ணிச் சென்ற காடும் அங்கில்லை, பள்ளியும் அங்கில்லை. தமிழில் பள்ளி என்பது மிகப் பழைய சொல். படுக்குமிடம், தங்குமிடம், சிற்றூர் என்று அதற்குப் பொருள்கள் பல. இவற்றுள் தங்குமிடம் என்ற பொருளைத் தாங்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பழவேற்காட்டில் ஒரு மதரஸாவின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். விழா இஷாவுக்குப் பின்னர்தான். எனினும் முற்பகலிலேயே சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு எல்லாம் கடந்து மீஞ்சூரில் இறங்கினேன். முன்பு என்னிடம் ஓதியவரும் இப்போது அப்பகுதியில் இமாமாகப் பணிபுரிபவருமான மாணவர் ஒருவர் இரு சக்கர வண்டியுடன் காத்திருந்தார். "ஹஜ்ரத், நேரம் நிறைய இருக்கிறது. காட்டுப்பள்ளிக் கடலைப் பார்த்துவிட்டுப் போவோமா?" என்றார். கடல் இல்லாத வேலூர்ச் சீமைக்காரன் வேண்டாம் என்பேனா?

வழி நெடுகக் கன்டெய்னர் லாரிகள். ஒருபுறம் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வானை முட்டி நிற்கின்றன. மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும் சாம்பல் நிறத்தில் படுத்துக் கிடக்கின்றன. அந்த நீரிலும் இடுப்பளவு இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் மக்களைக் கண்ணுற்றேன். சாலை முடியுமிடத்தில் துறைமுகத்தின் மதில். அத்துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டத்தைப் பற்றியும், அதற்கு மீனவர்கள் காட்டிவரும் எதிர்ப்பைப் பற்றியும் தாங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கு ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். காட்டுப்பள்ளிக்குப்பம் என்ற மீனவர் ஊர் இன்று ஆதியில் இருந்த இடத்தில் இல்லை. கப்பல் கட்டும் தளம் வந்தபோது ஊரையே பெயர்த்து உள்ளே தள்ளிக் குடியமர்த்தினார்கள். ஊரின் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தக் குடியிருப்பின் ஓரத்தில், பழுதான ஃபைபர் படகொன்றின் நிழலில் அமர்ந்து வலை பொத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் மாணவர் என்னை அறிமுகப்படுத்தினார். வயது எழுபதை நெருங்கும். "வாங்க பாய், உக்காருங்க" என்று தாம் அமர்ந்திருந்த சாக்கின் பாதியை எனக்குத் தந்தார். தேநீர் வந்தது. பேச்சு ஏரியைப் பற்றித் தொடங்கியது.

பழவேற்காடு ஏரியில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு வாசகர்களே. இறால் நன்றாகப் படும் இடங்கள் ஏரியில் சிலவே. அவ்விடங்களில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்று ஊரார் கூடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாள் எதுவென்று பாடு உள்ள ஒவ்வொருவனுக்கும் தெரியும். அன்று மழை பெய்து வலை வெறுமையாகத் திரும்பினாலும், அடுத்த பாடு எப்போது என்பதும் தெரியும். "நாளு தெரிஞ்சா பசியோட இருந்துடலாம் பாய்" என்றார் பெரியவர். அச்சொல்லை அவர் வேறொன்றை நினைத்தே சொன்னார் என்பது பிறகுதான் விளங்கிற்று.

பல ஆண்டுகளுக்கு முன், கரையில் வருமானம் குன்றியபோது, அவர் வேறோர் ஊரின் விசைப்படகில் கூலிக்குச் சென்றிருக்கிறார். எல்லை தாண்டிவிட்டதாகக் கூறிப் படகோடு பிடித்துச் சென்றார்கள். எந்த நாடு என்று சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார். நீதிமன்றம் மூன்று மாதத் தண்டனை விதித்தது.

"கோர்ட்டுல போட்டது தொண்ணூறு நாளு. சுவத்துல கோடு போட்டுக் கழிச்சேன். அதுல எனக்கு வருத்தமே இல்ல. தப்பு, தண்டன, முடிஞ்சுது. ஆனா வுட்டாச்சுன்னு சொல்லிட்டு, வேற ஒரு எடத்துல கொண்டுபோய் வச்சாங்க பாருங்க, அதுக்கு எந்தப் பக்கத்துலேந்து கோடு போடுறது? மொதல் நாள்னு ஒண்ணு இருக்கு, கடைசி நாள்னு ஒண்ணு இல்லயே!"

கூட வந்தவர்களின் தாள்கள் சில வாரங்களில் வந்துவிட்டன. இவருடையவை வரவில்லை. காரணம் என்ன தெரியுமா? அவர் இந்நாட்டவர்தாம் என்று உறுதி செய்வதற்காக, அவர் கொடுத்த முகவரிக்கு ஆள் வந்து பார்த்திருக்கிறார்கள். குடும்ப அட்டையில் எழுதியிருந்த அந்த இடத்தில் அப்போது ஊர் இல்லை, மதில்தான் இருந்தது! மதிலிடம் யார் போய் விசாரிப்பது? பிறகு அவருடைய மனைவி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து இவர் வீடு வந்து சேர்ந்தார். தண்டனை மூன்று மாதம், தண்டனைக்குப் பின்னர் காத்திருந்தது ஆறு மாதம்.

இக்கதையைக் கேட்டதிலிருந்து என் மனம் கடலில் நிற்கவில்லை. அஸருக்குப் பின் பழவேற்காட்டுக்குப் போனோம். நம் பாட்டன்மார் உடுத்திய பளையக்காட் லுங்கிக்குப் பெயர் தந்த ஊர் அது. தூர கிழக்கு நாடுகள் வரை அந்தத் துணி சென்றது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது. வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்த அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றும் நிற்கிறது. வழிகாட்டிகள் அதையே சுற்றிக் காட்டுவர். அவர்கள் காட்டாத செய்தி ஒன்றுண்டு. 1620களிலிருந்து 1660கள் வரை, பஞ்சத்தில் தவித்த பல்லாயிரம் மனிதர்கள் இக்கரையிலிருந்துதான் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நூல் விற்ற கைகளே ஆளையும் விற்றன.

இனி நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். ஒரு நாட்டில் இருக்க உரிமையில்லாத அந்நியரை வெளியேற்றும் அதிகாரம் அந்த நாட்டுக்கு உண்டு. இதை நான் மறுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு வாசல் உண்டு என்றால் கதவும் உண்டு. 1955இல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் கட்டற்றது என்றே கூறிற்று. ஆனால் வெளியேற்றுவது வேறு. வெளியேற்றப் போகிறோம் என்று சொல்லி, வெளியேற்றாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பது வேறு. இரண்டாவதற்கு எவ்வளவு காலம் நியாயம்?

நம் தமிழ்நாட்டிலேயே இக்கேள்வி பழையது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இங்குள்ளன. நான் ஏறிவந்த ரயில் போய் நிற்கும் கும்மிடிப்பூண்டியில் உள்ள முகாம் அவற்றுள் பெரியவற்றில் ஒன்று. அங்கிருப்போர் வேலைக்குப் போகலாம், மாலையில் திரும்பலாம். 2021இல் இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது. இவற்றினின்று வேறுபட்டது சிறப்பு முகாம் எனப்படுவது. வழக்கில் சிக்கியவர், சந்தேகத்துக்கு உள்ளானவர், தண்டனை முடித்த வெளிநாட்டவர் ஆகியோரை அங்கே அடைக்கிறார்கள். திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் உள்ளது அதற்கு எடுத்துக்காட்டு. 'சிறப்பு' என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று அகராதி எழுதியவர் அறிந்திருக்க மாட்டார்.

எனக்கு இது சிறுவயதிலேயே அறிமுகமான சொல். 1995இல் வேலூரில் ஹிஃப்ழு ஓதிக்கொண்டிருந்தேன், வயது பதினைந்து. கோட்டைக்குள்ளிருந்த திப்பு மஹாலில் ஒரு சிறப்பு முகாம் இயங்கிவந்தது. அந்த ஆகஸ்டு மாதம், அங்கு வைக்கப்பட்டிருந்த புலிகள் இயக்கத்தினர் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிவிட்டனர். ஊரெங்கும் காவலர். எங்களை மதரஸாவை விட்டு வெளியே அனுப்பவில்லை. அதே கோட்டையில்தான் திப்பு சுல்தானின் மக்கள் வைக்கப்பட்டிருந்தனர். கண்டி நாட்டின் கடைசி அரசன் 1816இல் கொண்டுவரப்பட்டு, 1832இல் மரணிக்கும்வரை வைக்கப்பட்டிருந்தான். கைதி என்று சொல்லாமல் மனிதரைத் தங்க வைத்துக்கொள்ளும் கலையை அந்தக் கோட்டைச் சுவர்கள் நெடுங்காலமாக அறியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் மூன்றாம் பிரிவு, பலவகைக் கட்டளைகள் இட அரசுக்கு அதிகாரம் தந்தது. அவற்றுள் ஒன்று, வெளிநாட்டவரைக் கைது செய்து காவலில் வைப்பது. இன்னொன்று, அவர் 'ஒரு குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும்' என்று பணிப்பது. இரண்டும் தனித்தனி உட்பிரிவுகள். சிறப்பு முகாம்கள் இரண்டாவதன் கீழ்தான் நடத்தப்பட்டு வந்தன. அதாவது, சட்டத்தின் கண்ணில் அங்கிருப்பவர் கைதியல்லர், அங்கு வசிப்பவர்! வாயிலில் காவலர், சுற்றிலும் மதில், வெளியே செல்லத் தடை. இருந்தும் அது வசிப்பிடம். 2025 செப்டம்பர் 1 முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. வசிக்குமிடத்தைக் குறித்துப் பணிக்கும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது. எத்தனை நாள் என்ற வரம்பு பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் என வழங்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவரை அடைத்தால், அறிவுரைக் கழகத்தின் முன் அது பரிசீலிக்கப்பட வேண்டும். கழகம் ஒப்பினாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைக்க இயலாது. கடும் சட்டம் என்று நாமெல்லாம் குறைகூறும் அதற்கே ஒரு நாட்காட்டி இருக்கிறது. தாயகம் செல்ல விரும்பி நிற்பவருக்கு அது இல்லை.

2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தவர்களை விடுவித்தது. அவர்களுள் இலங்கையர் நால்வரும் சிறைக் கதவைக் கடந்து, நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குள் நுழைந்தனர். அவர்களில் சாந்தன் என்பவர், யாழ்ப்பாணத்தில் இருந்த தம் முதிய தாயைக் காணவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். நாடு திரும்ப அனுமதி 2024 பிப்ரவரியில் வந்தது. அம்மாதம் 28ஆம் நாள் அவர் சென்னை மருத்துவமனையில் மரணமடைந்தார். தாயிடம் சென்றது உடல்தான். ஏனைய மூவரும் ஏப்ரல் 3 அன்று விமானம் ஏறினர். அவர்கள் செய்த குற்றம், அந்தத் தீர்ப்பு ஆகியவை பற்றித் தங்களுக்குக் கருத்துகள் இருக்கலாம். விடுதலைக்கும் விமானத்துக்கும் இடையே கழிந்த அந்த ஏறத்தாழ பதினேழு மாதங்களைப் பற்றியே நான் பேசுகிறேன். அந்தத் தண்டனையை விதித்தவர் யார்?

நம் சமுதாயம் இதை 2020இல் மிக அருகில் கண்டது. தப்லீக் பணிக்காகத் தமிழகம் வந்திருந்த வெளிநாட்டுச் சகோதரர்கள் 129 பேர், கொரோனா நோயின் அச்சம் உச்சத்திலிருந்த நேரத்தில் கைது செய்யப்பட்டனர். புழல் சிறை வளாகத்திலிருந்த இளங்குற்றவாளிகள் பள்ளி அவர்களுக்கான சிறப்பு முகாமாயிற்று. (இங்கும் ஒரு பள்ளி!) பிணை பெற்றவர்க்கும் அங்குதான் இடம். அவ்வாண்டு ஜூன் 12 அன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், 31 வெளிநாட்டவர் மீதான குற்ற வழக்கை முடித்துவைத்து, அவர்கள் ஊர் திரும்ப வழி வகுத்தார். அவர்கள் பட்ட துன்பம் போதும் என்பது அவருடைய கருத்து. நம் அரசியல் சாசனத்தின் 21ஆம் உறுப்பு உயிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்பு அளிக்கும்போது 'குடிமகன்' என்று சொல்லவில்லை, எந்த மனிதரும் என்றே சொல்கிறது. அந்த ஒரு சொல்லின் கதவைத் திறந்துதான் அச்சகோதரர்கள் வெளியே வந்தனர்.

அஸ்ஸாமில் நிலைமை இன்னும் பெரிது. அந்நியர் என்று தீர்ப்பாயங்கள் அறிவித்தவர்களை மாவட்டச் சிறைகளுக்குள்ளேயே அடைத்திருந்தனர். எந்த நாட்டுக்கு அனுப்புவது? அந்த நாடு ஏற்கவேண்டுமே! 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டு கழித்தவர்களை ஜாமீன்தாரர், கைரேகைப் பதிவு, வாரந்தோறும் காவல் நிலையத்தில் ஆஜராதல் ஆகிய நிபந்தனைகளுடன் விடலாம் என்றது. 2020 ஏப்ரலில் அதை இரண்டாண்டாகக் குறைத்தது. ஒரு வரம்பு பிறந்தது. ஆனால் அது நீதிமன்றம் அவ்வழக்கில் தந்த வரம்பேயன்றிச் சட்டம் தந்ததன்று.

இங்கிலாந்தின் நிலை வியப்பானது. அங்கு இது பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளுக்கு நம் நாட்டவர் ஒருவரின் பெயர்தான் வழங்குகிறது. ஹர்தியால் சிங் என்பவர் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை முடிந்த பிறகும், நாடு கடத்துவதற்காக டர்ஹம் சிறையில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டார். அவரோ இந்தியா திரும்பத் தயார். தாள்கள்தாம் தயாராகவில்லை. மனமுடைந்து தற்கொலைக்கும் முயன்றார். 1983இல் நீதிபதி உல்ஃப் அவ்வழக்கைக் கேட்டு, இவ்வதிகாரம் அனுப்பிவைப்பதற்காக மட்டுமே உள்ளது என்றும், அதற்குத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் நீளலாகாது என்றும், அக்காலத்துக்குள் அனுப்ப இயலாது என்று தெரிந்துவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றும், அதிகாரிகள் சுறுசுறுப்பாக இயங்கியிருக்க வேண்டும் என்றும் கூறினார். நம் காட்டுப்பள்ளிப் பெரியவர் சட்டம் படிக்காமல் சொன்னதும் இதைத்தானே!

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் ஆறு மாதம் என்றோர் அளவுகோலை வைத்தது. ஆஸ்திரேலியா 2004இல், நாடற்ற பாலஸ்தீனியர் ஒருவரின் வழக்கில், காலவரையறையின்றி வைக்கலாம் என்றது. அனுப்ப நாடே இல்லாத மனிதருக்கு ஆயுள் முழுதும் காவல் என்பதே அதன் விளைவு. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2023 நவம்பரில், அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மாற்றக் காரணமான மனுதாரர் யார்? தண்டனை முடித்திருந்த, எந்த நாடும் ஏற்க முன்வராத ஒரு ரோஹிங்யா முஸ்லிம்.

இவற்றையெல்லாம்விட என் உள்ளத்தை வருத்தியது ஒரு மீன்பிடிப் படகின் செய்தி. 2021இல் தென்னிந்தியக் கரையிலிருந்து ஈழத்தமிழர் 89 பேரை ஏற்றிக்கொண்டு அது கனடாவை நோக்கிப் புறப்பட்டது. நடுக்கடலில் தத்தளித்தது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களைக் காப்பாற்றி டியேகோ கார்சியா என்னும் தீவில் இறக்கியது. இராணுவ தளமுள்ள தீவு அது. வேலியிட்ட சிறிய இடத்தில், எலிகள் ஓடும் கூடாரங்களில், குழந்தைகளும் உட்பட மூன்றாண்டுகள் வைக்கப்பட்டனர். காவல் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய பாதுகாப்புக்காக என்றார்கள். நீதிபதி மார்கரெட் ஓபி தாமே அத்தீவுக்குச் சென்று முகாமைப் பார்வையிட்டார். 2024 டிசம்பர் 16 அன்று, பெயரில் மட்டும்தான் அது சிறையில்லை என்ற கருத்துடன், அவர்களை வைத்திருந்தது சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். காட்டுப்பள்ளியில் நான் சாய்ந்து அமர்ந்த படகையும் அந்தப் படகையும் என்னால் பிரித்தெண்ண முடியவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். முகாம் என்பது நாம் அரபியிலிருந்து பெற்ற சொல்; 'தங்குமிடம்' என்று பொருள். தொழுகைக்கு நிற்கச் சொல்லும் இகாமத், அரபு நாடுகளில் நம் பிள்ளைகள் சட்டைப்பையில் உயிர்போல் காக்கும் இக்காமா அட்டை, ஊரில் தங்கியவரைக் குறிக்கும் முகீம் ஆகிய யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. இக்காமா முடிந்தவரைக் கொண்டு வைக்கும் தர்ஹீலை நம் கிராமத்துத் தாய்மார்களும் அறிவர். ரிஹ்லா என்றால் பயணம், தர்ஹீல் என்றால் பயணப்படுத்துதல். பயணப்படுத்தாமலே வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்பதற்கு அரபு இலக்கணத்தில் வாய்பாடு கிடையாது.

பயணிக்கும் தங்கியவருக்கும் இடையே கோடு கிழிப்பதில் நம் இமாம்கள் காட்டிய கவனத்தைப் பாருங்கள். முஸாஃபிர் ஓரூரில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினால், ஷாஃபிஈ மத்ஹபில் அவர் முழுத் தொழுகை தொழ வேண்டும். ஹனஃபியில் அது பதினைந்து நாள். சரி, என்று புறப்படுவோம் என்றே தெரியாமல் இன்றோ நாளையோ என்று காத்திருப்பவர்? ஷாஃபிஈ மத்ஹபில் பதினெட்டு நாள் வரை அவர் கஸ்ர் தொழலாம். ஹனஃபியில், தங்கும் நிய்யத் கொள்ளாதவரை ஆண்டுகள் கழிந்தாலும் அவர் பயணிதான். பனியால் அஜர்பைஜானில் தடைபட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆறு மாதம் கஸ்ர் தொழுததாக அறிவிப்பு உண்டு. இரண்டு ரக்அத்துக்காக நாட்களை இப்படி எண்ணினார்கள்!

நீதித்துறை பற்றிய பாடத்தை ஓதியவர்களுக்குத் தெரியும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், புதிதாகப் பதவியேற்ற காழி முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் சிறையிலிருப்போரை விசாரிப்பது வருகிறது. நான் நியாயமாகவே அடைக்கப்பட்டேன் என்பவரை இருக்கச் செய்வார். அநியாயம் என்று முறையிடுபவருக்கு எதிராகச் சான்று காட்டும் பொறுப்பு எதிராளியுடையது. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கிதாபுல் கராஜில், கைதிகளின் நிலையை இடையறாது கவனிக்கவும், வழக்கில்லாதவரை விட்டுவிடவும் அறிவுறுத்துகிறார்கள். நபி யூஸுஃப் (அலை) அவர்களைச் சிறையில் இட்டதைக் கூறும் குர்ஆன், அதன் தவணைக்குப் பயன்படுத்தும் சொல் 'ஹீன்' என்பது. ஏதோ ஒரு காலம்வரை என்பதே பொருள். குற்றமற்றவர் என்ற அடையாளங்களைக் கண்ட பின்பும் அவ்வாறு முடிவெடுத்தார்கள். நாள் குறிக்காத சிறை மிஸ்ரு நாட்டின் பழைய வழக்கம் போலும்!

இஷாவுக்குப் பின் விழா இனிது நடந்தது. பிள்ளைகள் அழகாகக் கிராஅத் ஓதினார்கள். உரையில் நான் இதையெல்லாம் பேசவில்லை. பரிசு வாங்கக் காத்திருக்கும் குழந்தைகளிடம் சட்டம் பேசலாகாது. விழா முடிந்து உணவருந்தும்போது, பகலெல்லாம் என்னுடன் வந்த மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், அந்தப் பெரியவர் நம்மவராக இருந்திருந்தால், அந்த ஆறு மாதமும் கஸ்ர் தொழுவதா, முழுமையாகத் தொழுவதா?"

சிறைப்பட்டவருக்குச் சொந்த நிய்யத் செல்லாது என்றேன். அவரைப் பிடித்து வைத்திருப்பவரின் நிய்யத்தே அவருடைய நிய்யத். வைத்திருப்பவர் அங்கேயே நிறுத்த எண்ணியிருந்தால் இவர் முகீம். அனுப்ப எண்ணியிருந்தால் முஸாஃபிர். தெரியாவிடில் அவரிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

"கேட்டால், எங்களுக்கும் தெரியாது என்கிறார்களே ஹஜ்ரத்?"

கையிலிருந்த கவளத்தை வைத்துவிட்டு யோசித்தேன். கிதாபைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். மறுநாள் காலை முதல் வண்டியில் வேலூர் திரும்பினேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.